பதினொரு பேர் ஏறிய சைக்கிள்

அம்பத்தூர் ரயில் நிலைய வாசலில் வறுத்த வேர்க்கடலை வாங்கினேன். கடலை தீர்ந்ததும் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துப் படிப்பது என் பழைய வழக்கம். நீ அதற்காக என்னைப் பலமுறை கேலி செய்திருக்கிறாய். இந்தத் தடவை கிடைத்தது ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கான வழிகாட்டி ஒன்றின் தாள். உப்புக்கும் எண்ணெய்க் கறைக்கும் நடுவில் ஒரு கேள்வி: உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா? கீழே இரண்டு பதில்கள். 'தெரியும்' என்பது பலவீனமான பதிலாம். சிறந்த பதில் இப்படிப் போகிறது: ஏழு வயதில் கற்றுக்கொண்டேன், என் தந்தை இருக்கையைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடிவந்தார், சைக்கிள் உடலுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

உன் அப்பாவும் பின்னால் ஓடிவந்தவர்தான். சைக்கிளைப் பிடுங்கி விற்பதற்காக. அவரால் உன்னைப் பிடிக்க முடியவில்லை என்பதே நீ ஓட்டக் கற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. அந்தத் தாளைப் படித்துவிட்டு நடைமேடையில் தனியாகச் சிரித்தேன். பக்கத்திலிருந்த பெண் தன் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். உனக்கு எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

எழுபதுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நம் கம்பெனி மின்விசிறி செய்தது. நீயும் நானும் விசிறியின் வயிற்றுக்குள் போகிற செப்புக் கம்பியைச் சுற்றும் கொட்டகையில் இருந்தோம். நாற்பது பெண்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிர்வாகத்துக்குப் பத்து நாள் மறதி வரும். நாம் யாரென்றே அதற்குத் தெரியாது. பதினோராம் நாள் புதிதாகப் பார்த்ததுபோல நம்மை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும். தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரம் ஆக்க வேண்டியிருக்கும் என்பதால் வந்த வியாதி அது. நம் உடம்புக்கு வந்த வியாதிகளையெல்லாம் விட ஒழுங்காக வந்தது.

பரிசோதனைப் பிரிவுக்கு எட்டுப் பேர் தேவை என்று ஒருநாள் அறிவிப்பு ஒட்டினார்கள். அங்கே போனால் நிரந்தரம். ஆனால் ஆங்கிலத்தில் பேசத் தெரிய வேண்டும். விசிறி சுற்றுகிறதா என்று பார்க்க ஆங்கிலம் எதற்கு என்று நாம் கேட்கவில்லை. கேட்கிறவர்கள் தமிழில்தான் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

தேர்வாளர் பட்டணத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற அதிகாரி. முதல் முறை போன எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்: உன்னிடம் சைக்கிள் இருக்கிறதா? நான் "நோ சார்" என்றேன். நீ "யெஸ் சார்" என்றாய். அவர் காத்திருந்தார். நாமும் மரியாதையாகக் காத்திருந்தோம். மறுநாள் அறிவிப்புப் பலகையில், ஒருவரும் தேறவில்லை, பதில்கள் முழுமையாக இல்லை, மூன்று மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு, அதுவே கடைசி என்று எழுதியிருந்தது.

கொட்டகையிலேயே சைக்கிள் வைத்திருந்தவள் நீ ஒருத்தி. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து எட்டொன்பது மைல் மிதித்து வருவாய். ஆவடி டீக்கடையில் தினமும் ஒரு கூட்டம் உனக்காகவே உட்கார்ந்திருக்கும். ஒருநாள் ஒருவன் கேட்டானாம், "இன்னாமே, உங்க ஊட்ல ஆம்பளையே இல்லியா?" நீ இறங்காமலே பதில் சொன்னதாகச் சொன்னாய்: "கீறாரு அண்ணாத்தே. அவுருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, பாவம்." அடுத்த நாள் அவன் தன் பக்கத்து ஆளிடம், "அதுங்கிட்ட வாய குடுக்காத மாமே" என்று சொன்னது உன் காதில் விழுந்ததாம். அதை நீ ஒரு பட்டம் வாங்கியதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

முழுமையான பதிலை நீதான் எழுதினாய். பள்ளிக்கூட இறுதி வரை படித்திருந்தாய். அகராதியை நான் வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். தமிழில் தருகிறேன், ஆங்கிலத்தில் இவ்வளவு அழகாக இல்லை:

'ஆம் ஐயா, என்னிடம் ஒரு சைக்கிள் இருக்கிறது. அது பச்சை நிறம். ஆவடி குடியிருப்பில் இருந்த ஒரு நர்ஸ் அம்மா மாற்றலாகிப் போகும்போது எனக்குக் கொடுத்தது. பின் சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க வலை உண்டு. எதிர்காற்று அடித்தால் நான் பேசாமல் மிதிப்பேன். காற்று நின்றதும் பாடுவேன். என்னை யாரும் கொண்டுவந்து விட வேண்டியதில்லை.'

சாப்பாட்டு நேரத்தில் நீ இதைச் சொல்லிக் காட்டியதும் கஸ்தூரி கையைக் கழுவாமலே எழுந்து வந்தாள்.

"இத்த எனுக்கும் எழுதிக் குடுடி."

"உன்கிட்ட சைக்கிள் ஏதுடி?"

"உன்கிட்ட பட்டுச் சேல ஏது? போன மாசம் பொண்ணு பாக்க வந்தப்ப என்னுத கட்டிகினு நிக்கல?"

நீ பேனாவை எடுத்தாய். நம் கொட்டகையின் சட்டம் அது. நாற்பது பேருக்கு ஒரு பட்டுச் சேலை, ஒரு கைக்கடிகாரம், ஒரு ஜோடி ஜிமிக்கி. யாரை யார் பெண் பார்க்க வந்தாலும் அந்த மூன்றும் போய்வரும். ஒரே ஆள் இரண்டு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போய், இரண்டிலும் அதே சேலையைக் கண்டு குழம்பிய கதையும் உண்டு. இரவல் சேலையைக் கத்தரிக்கக் கூடாது, சாயம் மாற்றக் கூடாது, மடிப்புக் கலையாமல் திருப்பித் தர வேண்டும். உன் சைக்கிளையும் நாங்கள் அப்படியேதான் வாங்கிக்கொண்டோம். நிறத்தை மாற்றலாமே, நர்ஸ் அம்மாவை டீச்சர் அம்மா ஆக்கலாமே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. இரவல் பொருளில் கை வைப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

பதினொரு பேர் படித்தோம். அதில் பேக்கிங் பிரிவு ஏகாம்பரமும் ஒருவர். சேலை என்கிற இடத்தில் மட்டும் வேட்டி என்று சொல்லுங்கள் என்று அவருக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்தாய். குமணன்சாவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற நான், பஸ் நிறுத்தம் வரை அண்ணன் துணை இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டாத நான், என்னை யாரும் கொண்டுவந்து விட வேண்டியதில்லை என்று மூன்று மாதம் கண்ணாடி முன் நின்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல, அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

தேர்வு நாளன்று, பேசி முடித்தவர்கள் வெளியே போகக் கூடாது என்று ஓர் உத்தரவு. கேள்வி வெளியே கசிந்துவிடுமாம். அந்தக் கேள்வியை எஸ்டேட்டின் நாய்கள்கூட அறிந்திருந்தன. ஆகவே முடித்தவர்கள் அதே அறையில், சுவரோரப் பெஞ்சில் வரிசையாக உட்கார வேண்டும். டோக்கன் எண் வரிசைப்படி கூப்பிட்டார்கள். உன் எண் கடைசி.

தேர்வாளர் விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பச்சை சைக்கிள் போயிற்று, வந்தது. நர்ஸ் அம்மா திரும்பத் திரும்ப மாற்றலானார். நான்கு பேர் பாதி வழியில் மறந்து நின்றார்கள். ஏகாம்பரம் வேட்டியை மறந்தார். தன் சேலை சக்கரத்தில் சிக்குவதில்லை என்று தெளிவான உச்சரிப்பில் தெரிவித்தார். தேர்வாளர் தலையசைத்தார். கேட்டுக்கொண்டிருந்தாரா என்பதே எனக்கு இன்றுவரை சந்தேகம். பதில் நீளமாக இருந்ததா என்று பார்த்தார், நீளமாக இருந்தது, குறியிட்டார். ஏழு பேர் தேறினோம். எட்டாவது இடம் உனக்காகவே காலியாக இருந்தது.

நீ உள்ளே வந்தபோது கூடவே மேனேஜரும் வந்து உட்கார்ந்தார். அதுதான் வினை. அவர் முன்னால் தான் விழிப்பாக இருப்பதைத் தேர்வாளர் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. நீ பச்சை நிறம் வரை வந்ததும் கையை உயர்த்தினார்.

"நிறுத்தும்மா. எல்லாருக்கும் ஒரே சைக்கிளா?" ஆங்கிலம் போய்த் தமிழ் வந்துவிட்டது.

"இல்ல சார். சைக்கிள் என்னுது."

"மத்தவங்க?"

"கேட்டாங்க, குடுத்தேன்."

அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி உனக்கு வழியும் காட்டினார். "வேற ஏதாவது சொல்லு. ரயில்ல வரேன்னு சொல்லு. அதையே நாலு வாக்கியமா சொன்னா போட்டுடறேன்."

"நான் ரயில்ல வர்லியே சார்."

"இது இங்கிலீஷ் டெஸ்ட்டும்மா. கோர்ட்டு சாட்சி இல்ல."

வீட்டில் உன் சம்பளம் மட்டும்தான் வருமானம் என்று எனக்குத் தெரியும். அடுத்த மறதிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ரயிலில் வருகிறேன் என்று நீ சொல்லிவிடுவாய் என்றுதான் நினைத்தேன். உன் இடத்தில் நான் இருந்தால் கப்பலில் வருகிறேன் என்றும் சொல்லியிருப்பேன்.

"இவங்க அல்லாரும் வாங்கினு போனது என் சைக்கிளு சார். குடுத்த பாவத்துக்கு நான் நடந்து போவணுமா?"

மேனேஜர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "நம்ம ஸ்டாண்டுல லேடீஸ் சைக்கிள் எதையும் நான் பார்த்ததே இல்லையே."

தேர்வாளர் பெஞ்சின் பக்கம் திரும்பினார். எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அது இந்தப் பொண்ணோட சைக்கிள்தானா?"

மூன்று மாதமாக ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லக் கூடாது என்று பழகியிருந்தோம். அன்று ஒற்றை வார்த்தை போதும். 'யெஸ்' என்று சொன்னால் 'சார்' கூட வேண்டியதில்லை. ஏழு பேரும் தரையைப் பார்த்தோம். தரையில் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். அதில் கதவிலிருந்து மேசை வரை ஒரு விரிசல் ஓடியது. அந்த விரிசலை இன்று கேட்டாலும் வரைந்து காட்டுவேன்.

பிறகு நீ ஆங்கிலத்துக்குத் திரும்பினாய். மேனேஜரைப் பார்த்துச் சொன்னாய். ஸ்டாண்டில் என் சைக்கிளை நீங்கள் பார்க்க முடியாது, ஏனென்றால் ஸ்டாண்டு ஆண்களுக்கு, காவலாளி என்னை உள்ளே விடுவதில்லை. நான் அதைச் சாக்கடை ஓரம் சுவரில் சாய்த்து வைக்கிறேன். மழை பெய்தால் நனைகிறது. இந்த வருடத்தில் இரண்டு முறை யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டார்கள், நான் தள்ளிக்கொண்டு போனேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் எனக்கு வேலை இல்லை, அந்தப் பத்து நாளும் நான் எங்கேயும் ஓட்டிப் போவதில்லை, டயர் தேயும். கொட்டகையில் தண்ணீர்க் குழாய் இல்லை. செப்புக் கம்பி விரலைக் கிழிக்கிறது, கிழிந்த விரலால் பிரேக் பிடிப்பது கடினம். சைக்கிளைப் பற்றித்தானே கேட்டீர்கள், இதெல்லாம் சைக்கிளைப் பற்றியது.

இலக்கணம் அங்கங்கே நொண்டியது. முழுமை குறைந்தது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. மேனேஜரின் தேநீர் ஆறிப்போகும் வரை பேசினாய்.

மறுநாள் பலகையில் உன் பெயருக்கு எதிரே எழுதியிருந்தது: கேட்ட கேள்விக்கு மேல் பதில் அளித்தார். மூன்று மாதத்துக்குள் குறைத்துச் சொன்னது, கூட்டிச் சொன்னது என்று இரண்டு குற்றமும் செய்த ஒரே ஆள் நீதான். இரண்டாவது வாரம் நிர்வாகத்துக்கு மறதி வந்தது. உன் விஷயத்தில் மட்டும் அது தெளியவே இல்லை.

நான் உன் வீட்டுக்கு வந்தேன். மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீ அன்று சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கம்முனு கெட. இப்ப போய் சொன்னா இன்னா ஆவும்? நீயும் வெளிய வருவ. ரெண்டு பேரும் இங்க குந்திகினு எண்ண உடலாம், அவ்ளோதான்."

"அப்ப நான் என்னதான்டி செய்யறது?"

"அன்னிக்குப் பேச வேண்டியது. பேசல. சரி, உட்டுத் தள்ளு. நீதான் உள்ள போய்ட்டல்ல, உள்ள இருந்துகினு சத்தம் போடு."

அதன் பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "டபுள்ஸ் போனாலே போலீஸ்காரன் புடிக்கிறான். ஒரே வண்டில ஏழு பேர ஏத்தி அனுப்பிட்டேன் பாத்தியா."

எஸ்டேட்டில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாய். அடுத்த தெருவில் ஸ்பிரிங் செய்கிற பட்டறையின் முதலாளி உன்னிடம் ஆங்கிலம் வருமா என்று கேட்டாராம். "சைக்கிளப் பத்தி மட்டும் வரும்" என்றாயாம். அவர் சிரித்துவிட்டார். வண்டியை உள்ளே நிறுத்த இடம் தந்தால் வருகிறேன் என்று நிபந்தனையும் போட்டாய். வேலை கேட்கப் போனவள் போட்ட நிபந்தனை. அங்கே முப்பது வருடம் இருந்தாய்.

நான் சத்தம் போட்டேன். உடனே இல்லை, எனக்கு வாய் திறக்க மூன்று வருடம் ஆயிற்று. சங்கத்தில் சேர்ந்ததும் பெண்கள் சார்பாக நான் எழுதிக் கொடுத்த முதல் கோரிக்கை, பெண்களுக்கு சைக்கிள் நிறுத்துமிடம். பேச்சுவார்த்தையில் மேனேஜர் கேட்டார், உங்களில் எத்தனை பேரிடம் சைக்கிள் இருக்கிறது? ஒருவரிடமும் இல்லை என்றேன். பிறகு எதற்கு இடம்? இடம் இல்லை, அதனால்தான் ஒருவரிடமும் இல்லை என்றேன். பைத்தியத்துக்குத் தருவதுபோலத் தந்தார்கள். தகரக் கூரை, நான்கு கம்பிகள், கதவில் 'பெண்கள்' என்று பலகை. எட்டு மாதம் அது காலியாக நின்றது. காவலாளி அதில் வேட்டி உலர்த்தினார். எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆண் அந்தக் கம்பெனியில் இல்லை.

ஒரு சாயங்காலம் நீ வந்தாய். வாசலில் காவலாளியிடம், "இன்னா அண்ணாத்தே, பலக படிக்கத் தெரியுமா? நான் பொம்பளதான?" என்று கேட்டுவிட்டு நேராக உள்ளே ஓட்டிப் போய் நிறுத்தினாய், பூட்டினாய். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாய். "ஒழுவுமேடி இது" என்றாய். பிறகு ஓட்டிக்கொண்டு போய்விட்டாய். எழுபதுகள் முடியும்போது அந்தக் கூரையின் கீழ் பதினான்கு சைக்கிள்கள் நின்றன. நீ சொன்னது சரிதான், ஒழுகியது. பத்து நாள் மறதியை ஒழிக்க அதற்கு மேலும் நாளாயிற்று. அதையும் ஒழித்தோம்.

இதையெல்லாம் கணக்கில் வரவு வைத்து என்னை விட்டுவிடு என்று நான் எழுதவில்லை. ஸ்டாண்டு ஸ்டாண்டுதான், பெஞ்சு பெஞ்சுதான். நீ 'உட்டுத் தள்ளு' என்றாய். நான் தள்ளவில்லை. அதில் உன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

நீ போன அன்று உன் வீட்டில் நல்ல கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உன் மகள் வந்து குனிந்து கேட்டாள், "ஆன்ட்டி, தப்பா நெனச்சுக்காதீங்க. அம்மாவுக்கு நீங்க இன்னா வேணும்?"

"கூட வேலை செஞ்சவ" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "அந்த சைக்கிள் கதையா? அம்மா அடிக்கடி சொல்லும். ஒரே சைக்கிள்ல ஏழு பேர ஏத்தி வேலைக்கு அனுப்புச்சாமே. நீங்க அதுல ஒருத்தரா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஐம்பது வருடமாக நீ அந்தக் கதையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாய். பெஞ்சை விட்டுவிட்டாய். தேர்வாளர் எங்கள் பக்கம் திரும்பியதை விட்டுவிட்டாய். எதைக் கேட்டாலும் முழுதாகப் பதில் சொல்கிறவள், எங்களுக்காக ஒரு பதிலைக் குறைத்துச் சொல்லியிருக்கிறாய், அதுவும் உன் பிள்ளைகளிடம்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அது போதும், எனக்கும் சௌகரியம். பக்கத்து நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னேன். உன் அம்மாவின் சைக்கிளை என்னுடையது என்று சொல்லித்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று தொடங்கினேன். அது அவளுடையதுதானா என்று எங்களிடம் கேட்டார்கள் என்றேன். நாங்கள் ஏழு பேர் இருந்தோம், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, அதில் நான் நான்காவது ஆள் என்றேன். பக்கத்து நாற்காலிகள் எங்கள் பக்கம் திரும்பின. யாரோ வந்து என் தோளைத் தொட்டு, "வண்டி வந்துடுச்சும்மா, எடுக்க நேரமாவுது" என்றார்கள்.

"நிக்கட்டும்" என்றேன். மீதியையும் சொன்னேன்.